நாலு மணி மழை

ஏப்ரல் 12, வெள்ளி
ஷீலா காதலிக்கிறாளாம்! என் அண்ணன் மகள், நேற்றுவரை என் மடியில் தூங்கியவள்! பையன் பெயர் புவனேசன். அலோர் ஸ்டாரில் வானிலை ஆபீஸ் வேலை. அண்ணன் குதிக்கிறார். "மேகத்த அண்ணாந்து பாக்குறதுக்குச் சம்பளமா? நானுந்தான் தினம் பாக்குறேன், எவன் குடுக்குறான்?"

ஏப்ரல் 13, சனி
ஷீலா பையனைக் கோயிலுக்கு வரச் சொல்லிக் காட்டினாள். நெற்றி நிறையத் திருநீறு. பாதி மனசு அங்கேயே போச்சு. கிழக்கே எழும்பிய மேகத்தைக் காட்டி, "அது ஏன் தம்பி பூக்கோசு மாதிரி இருக்கு?" என்றேன்.

"தரை சுட்டு, ஈரக் காத்து மேல ஏறுது அத்தை. மேல குளிரு, துளியா மாறிடும். சூடு உள்ளேருந்து தள்ளத் தள்ள, மொக்கு மொக்கா பொங்கும்."

"பொங்கி எங்க போவும்?"

"உயரத்துல ஒரு மூடி மாதிரி இருக்கு. அதுல முட்டித் தட்டையா பரவும். தலை தட்டையாச்சுன்னா இடி மழைதான்."

இட்லிப் பானைதானே இது! கோயில் ஆத்தா வானத்திலும் அடுப்பு வைத்திருக்கிறாளா? அது சரி, என்னை அத்தை என்கிறான். தாலி கட்டவில்லை, அதற்குள்!

ஏப்ரல் 15, திங்கள்
மேகம் பார்த்துக்கொண்டே நின்றதில் காயப் போட்ட துணியெல்லாம் நனைந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி
நாளை கோயில் திருவிழா. அண்ணனே பையனுக்கு ஃபோன் போட்டார். "நாளைக்கு மழை உண்டா?"

"நாலு மணி வாக்குல வரும் மாமா. எழுபது விழுக்காடு."

"மிச்ச முப்பதுல என் மவள வைக்கிறியா? சரி, பெஞ்சா பொண்ணு உனக்கு. பெய்யலன்னா இந்தப் பக்கமே வராத!"

ஃபோனை வைத்துவிட்டு என்னிடம், "சந்திரா, வழக்கம்போல நீதான் குச்சி குத்தணும் லா" என்றார்.

சத்தே இறைச்சி சுடும் குச்சியில் மிளகாயும் வெங்காயமும் கோர்த்து மண்ணில் குத்தினால் மழை நிற்கும். நான் குத்தி ஒரு திருவிழாவும் நனைந்ததில்லை. ஷீலா அழுகிறாள். ஆத்தா, என் கையிலயா கொண்டு வந்து வைக்கணும்?

ஏப்ரல் 20, சனி
குத்தினேன், எல்லாரும் பார்க்க. அன்னதானம் முடியும்வரை சொட்டு இல்லை. மூன்று மணி தாண்டியும் வெயில். அண்ணன் மீசையைத் தடவுகிறார். கிழக்கே ஒரு பூக்கோசு வளருது, வளருது — தலை மட்டும் தட்டையாகலை! எனக்கு இருப்பு கொள்ளலை. செருப்பு தேடுற மாதிரி குனிஞ்சேன். குச்சியப் பிடுங்கி முந்தானையில சுருட்டிட்டேன். தப்பா? தாயே, ஷீலாப் புள்ள முகத்தப் பாத்தியா, பெய்யி!

தட்டையாச்சு! தோசைக்கல் கணக்கா! காத்து, இடி, கொட்டு கொட்டுன்னு மழை! அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியத் தலையில கவுத்துக்கிட்டு ஓடுறார். நான் மழையில ஆடுறேன். சாமி வந்துடுச்சின்னு யாரோ வேப்பிலை அடிச்சாங்க. சாமி இல்ல, சந்தோசம்!

"நாலு பத்து. பத்து நிமிசம் லேட்டு" என்று அண்ணன் முனகினார்.

"காலையில பூசையே ஒரு மணி நேரம் லேட்டுண்ணே."

சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு
அந்த மிளகாய், வெங்காயம் இன்றைக்குச் சம்பால் துவையல். அண்ணன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்டு 29, வியாழன்
நாளைக்குக் கல்யாணம். வாசலில் கூடாரம் போட்டாச்சு. மாப்பிள்ளை ஃபோன் செய்தார்.

"நாளைக்கு எண்பது விழுக்காடு இடி மழை, அத்தை." அப்புறம், ரொம்ப மெதுவாக, "அத்தை... குச்சி குத்துவீங்கல்ல?"

"மிளகாய் நல்ல காரமா பாத்து வாங்கிக் குடுத்தனுப்புங்க மாப்பிள்ளை" என்றேன்.