ஏழாம் எண் காரில் ஒழுகிய குழாய்

இன்று காலை மாடி அறையைத் திறந்தபோது, கீழே சேலைக்கடையில் புதுக் கட்டுப் பிரித்திருந்தார்கள். கஞ்சி மணம் படியேறி வந்தது. "இந்த வாசத்துக்கே நம்ம வாடகையைக் கூட்டிருவாக பாரு" என்பாய். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன் நாற்காலியில் இப்போது என் பையை வைக்கிறேன்.

கொத்தமங்கலம் விடுதிக்கு நாம் எழுதிய புகார் மென்பொருள் நினைவிருக்கிறதா? ஒரு புகார் அறையைப் பற்றியும் இருக்கலாம், விருந்தினரை ஏற்றிச் செல்லும் விடுதிக் காரைப் பற்றியும் இருக்கலாம். அப்படி ஒரே அட்டவணையைப் பலவற்றோடு இணைக்கும் உறவு நாம் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருள் அடித்தளத்தில் ஆயத்தமாகவே இருந்தது. ஆனால் விடுதியின் பழைய தரவில் எழுத்தும் எண்ணும் ஒட்டிக் கிடந்தன. அறை ஏழு 'அ7', வண்டி ஏழு 'வ7'. ஆயத்த உறவுக்கு அது புரியாது. தனித்தனி அட்டவணை போடலாம் என்றேன் நான்.

"நாளைக்கு இன்னொன்னு வாங்குவாக, அதுக்கொரு அட்டவணையா? புது உறவா நாமளே எழுதிருவோம்டீ" என்றாய். நான்கு நாளில் எழுதியும் விட்டாய்.

அதை விடுதி மேலாளரிடம் காட்டப் போன அன்று, ஏழாம் எண் காரின் பக்கத்தில் 'குழாய் ஒழுகுகிறது' என்று வந்தது.

"ஏம்மா, கார்ல எங்குட்டு இருக்கு குழாய்?" என்றார் அவர்.

"அந்தப் பகுதி இவ எழுதுனது சார்" என்றேன். சட்டென்று வந்துவிட்டது.

நீ திரையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "நான் பாக்குறேன் சார்" என்றாய். திரும்பும் பேருந்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிட்டுட்டுப் போடீ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாய். அந்த வாரமே காய்ச்சல் என்றார்கள், மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை. உன் நிரலை ஓரமாக வைத்துவிட்டு, தனித்தனி அட்டவணைகளைப் போட்டு நான் வேலையை முடித்துக்கொடுத்தேன்.

இப்போது விருந்தினருக்காக சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். அதற்கும் புகார் வேண்டுமாம். இன்னொரு அட்டவணை போட மனம் வராமல் உன் நிரலைத் திறந்தேன். தவறு எங்கே என்று மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தேன். எண்ணோடு எழுத்தையும் ஒப்பிடும் வரியை நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். வேகம் கூடட்டும் என்று, மேலாளரிடம் காட்டியதற்கு முந்தைய நாள் அதை நீக்கியவள் நான். அதனால்தான் அறை ஏழின் குழாய் கார் ஏழில் ஒழுகியது. அந்த நீக்கத்துக்குப் பக்கத்தில் என் பெயர்தான் இருந்தது.

பேருந்தில் வந்த அன்று மாலையே நீ அதைத் திருத்தி, முதன்மை நிரலில் கலக்காமல் தனிக் கிளையாகச் சேர்த்திருக்கிறாய். 'எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.' குறிப்பு அவ்வளவுதான். யார் நீக்கியது என்று எழுதவில்லை.

மேலாளரை அழைத்தேன்.

"சார், அன்னிக்கு அந்தத் தப்பு அவளோடது இல்ல. நான் செஞ்சது."

"அந்தப் புள்ளையே போயிருச்சு. இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"நீங்க அவ தப்புன்னு நெனச்சிட்டு இருக்கக் கூடாது சார்."

"சரிம்மா. சைக்கிளை எப்பச் சேப்பீக?"

"இன்னிக்கே சார்."

உன் கிளையை இணைத்து, சைக்கிளுக்கு ஒரே ஒரு வரி சேர்த்தேன். எல்லாச் சோதனைகளும் தேறின. "தேறிருச்சுடீ" என்று வாய்விட்டே சொன்னேன்.

நீ என்னை மன்னித்துத்தான் பேசாமல் இருந்தாயா, மனம் நொந்து பேசாமல் இருந்தாயா, தெரியவில்லை. கேட்க வழியில்லை. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இங்கே தனியாக வேலை பார்க்கிறேன்.