சராசரி மழையின் பயனாளர்

வியாழக்கிழமை, காரைக்குடி.

எங்கள் புள்ளியியல் அலுவலகச் செய்திக்குறிப்புகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுவரச் சிங்கம்புணரிப் பக்கம் போயிருந்தேன். வறட்சி நிவாரணம் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்காக எங்கள் மழைக்குறிப்பின் நகல் வாங்கியவர் விவசாயி கருப்பையா. நகல் வாங்கியதால் எங்கள் கணக்கில் அவர் பயனாளர்.

காய்ந்த கடலைக் காட்டில் நின்று கேள்வித்தாளின் விடைகளை வாசித்தேன்: மிகவும் பயனுள்ளது, பயனுள்ளது, ஓரளவு பயனுள்ளது. நான்காவது விடை கிடையாது.

அவர் மழைக்குறிப்பின் நகலை நீட்டினார். “இத எழுதுனது யாரு சார்?”

“நான்தான்.”

“மழைமானி டவுன்ல இருக்கு. அங்குட்டுப் பேஞ்சத வச்சு எங்களுக்கும் சராசரி மழைன்னு எழுதிட்டீக. அதக் காட்டித்தான் நிவாரணம் இல்லன்னுட்டாக. மிகவும் பயனுள்ளதுன்னே போட்டுக்கங்க. நிவாரணம் இல்லன்ன ஆபீசருக்குப் பயன்பட்டுச்சுல்ல.”

“ஊர்வாரியா எழுதப் படிவத்துல இடமில்லைங்க.”

“சரி, மோராச்சும் குடிச்சிட்டுப் போங்க. அதுக்குப் படிவம் வேணாம்ல?”

குடித்தேன். அவர் சொன்னபடியே குறித்துக்கொண்டேன்.

ஆய்வின் முடிவும் நாளை செய்திக்குறிப்பாக வெளிவர வேண்டும். வரைவு எழுதிவிட்டேன்: ‘மழைக்குறிப்பு பயனுள்ளதாக இருப்பதாக விவசாயிகள் தெரிவித்தனர்.’ விதிப்படி இதில் அடிப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. நாளை கையெழுத்துப் போடுவேன். அவருடைய மேல்முறையீட்டை நிராகரிக்கும்போது இதையும் இணைப்பார்கள்.