முயலுக்கு வைக்கோல் வாங்கப் போன நாள்

வெள்ளவத்தை,
23.11.1997

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

நீயும் மருமகனும் பிள்ளையும் அந்தக் கனடாக் குளிருக்குள் ஒரு வருத்தமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். இங்கே நானும் அம்மாவும் நடமாடித் திரிகிறோம், அம்மாவுக்கு முழங்கால் உழைவு மழையோடு கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றப்படி குறையில்லை. பிள்ளையின் படம் கிடைத்தது, அதை அம்மா அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்துப் போகிற வருகிற நேரமெல்லாம் பார்க்கிறாள்.

முயல்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ விட்டுப்போன இரண்டும் பின்வளவுக் கூட்டில்தான் இருக்கின்றன. கம்பி வலையிலேயே இருந்து வெள்ளையின் பின்னங்கால் தோல் உரிந்துவிட்டது. முதலில் பேப்பர் விரித்தோம், தூவானம் அடித்து அது கூழாகி நாறியது. பிறகு மரத்தூள் வாங்கிப் போட்டேன், இரண்டும் தும்மித் தும்மிக் கண்ணால் நீர் வடித்தன. அம்மா பழைய சாக்கு ஒன்றை மடித்து வைத்தாள், அதன் நூலை இழுத்துத் தின்னத் தொடங்கியதும் பயந்து எடுத்துவிட்டோம். அடியில் பலகை வைத்து, அதன்மேல் தடிப்பாகப் பேப்பரும் அதற்கு மேல் காய்ந்த வைக்கோலும் குவித்துவிட்டால் அவை தாங்களே குடைந்து படுக்கும் என்று நீ எழுதியதுதான் சரி. ஆனால் கொழும்பில் வைக்கோலுக்கு எங்கே போவது. கடைசியில் புறக்கோட்டையில் பீங்கான் கடை வைத்திருக்கும் மீரா சாஹிப், தன் பெட்டிகளுக்குள் அடைத்து வரும் வைக்கோலைத் தருவதாகச் சொன்னார்.

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸின் தங்கை உங்கள் ஊரில்தான் இருக்கிறாள், அவள் வாயால் நீ கேட்பதைவிட நானே எழுதுவது நல்லது. எங்கள் மேல்மாடியில் பொன்னம்பலம் என்று ஒருவர் வாடகைக்கு இருக்கிறார், முல்லைத்தீவுக்காரர், நாற்பது வயதிருக்கும், ஜேர்மனியில் இருக்கும் மனைவியிடம் போவதற்கு விசாவுக்குக் காத்திருக்கிறார். என் இடுப்பு நோவு தெரிந்து, நீங்கள் தூக்க வேண்டாம் மாஸ்டர், நானும் வாறன் என்று தானாகவே கூட வந்தார். திரும்பி வரும்போது காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வைக்கோல் அடைத்த உரப்பை பொன்னம்பலத்தின் தோளில் இருந்தது. ஒரு ஆமிக்காரன் அதை வாங்கி றோட்டிலேயே கவிழ்த்தான். என்ன இது என்று கேட்டான், பிதுரு, வைக்கோல் என்று சிங்களத்தில் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். முப்பது வருடத்துக்கு மேல் கொழும்பில் படிப்பித்தவன் நான், சிங்களத்தில் சந்தைக்குப் போய் வருகிறவன், ஆனால் அவன் நீட்டிப் பிடித்த துவக்கைக் கண்டதும் முயலுக்கு என்ன சொல்வதென்று வாயில் வரவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக் காது போலக் காட்டினேன்.

அவன் சிரித்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டான். ஆயெத், இன்னொருமுறை என்றான். காட்டினேன். துள்ளிக் காட்டச் சொன்னான். பஸ் சனம் முழுக்கப் பார்த்து நிற்க, அறுபத்தெட்டு வயதில் நான் துள்ளினேன் மகள். அதைவிட வெட்கம், அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்ததுதான். கோபம் வரவில்லை, இனி விட்டுவிடுவார்கள் என்ற ஆறுதல்தான் வந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரம், எனக்குப் பின்னால் பொன்னம்பலத்தின் அடையாள அட்டையில் முல்லைத்தீவு என்று பார்த்துச் சந்தேகத்தில் அவரை ட்ரக்கில் ஏற்றியிருக்கிறார்கள். திரும்பிப் பார்க்கும்போது அவர் உள்ளே குந்தியிருந்தார். வைக்கோலை அள்ளிக்கொண்டு போ என்று எனக்குச் சொன்னார்கள். நான் அள்ளினேன். அவர் என்னோடு வந்தவர், எங்கள் வீட்டில் இருப்பவர் என்று சொல்ல வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவள் சேலையை மாற்றிக்கொண்டு, வாங்கோ பொலிஸுக்குப் போவம் என்றாள். சாவடியில் நின்றவன் அங்கேயும் நின்றால் திரும்பவும் காதைக் காட்டச் சொல்லுவானே என்று பயந்தேன். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது என்று பொய் சொல்லிச் சாய்மனைக் கதிரையில் இருந்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. சிங்களம் நன்றாகக் கதைக்கிற கொன்ஸ்ரன்ஸைக் கூட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடு அவள்தான் போனாள். அன்று ஆளைக் கண்ணிலும் காட்டவில்லை. அடுத்த நாளும் போனார்கள், அதற்கடுத்த நாளும் போய் பொலிஸ் வாங்கில் குந்திக் காத்திருந்து, எங்கள் வீட்டில் இருப்பவர், பொலிஸில் பேர் பதிந்த ஆள் என்று கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நான் வாசலுக்கே போகவில்லை. குளித்துச் சாப்பிட்டுவிட்டு அவர்தான் பின்வளவுக்கு வந்தார். வைக்கோல் அப்படியே பைக்குள் கிடந்தது, எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை. என்ன மாஸ்டர், இன்னும் போடேல்லையோ என்று கேட்டுக்கொண்டு கூட்டைத் திறந்தார். தம்பி, அண்டைக்கு நான் ஒண்டும் கதைக்கேல்லை என்று தொடங்கினேன். அதை விடுங்கோ மாஸ்டர், நீங்கள் அவங்களைச் சிரிக்க வைச்சபடியால்தான் எனக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை என்றார். சொல்லிவிட்டு வைக்கோலை உதறி, முள்ளுக் குத்தும் தண்டுகளைப் பொறுக்கி எறிந்து, மெத்தென்று பரப்புவதற்காகக் கூட்டுக்குள் குனிந்தார். சேட்டு மேலே ஏறியது. முதுகு முழுக்கக் கன்றிக் கிடந்ததைக் கண்டேன். நான் கண்டது அவருக்குத் தெரியாது. முயல் இரண்டும் அவர் கை எடுக்கும் முன்பே வந்து குடைந்து படுத்துவிட்டன, பார்த்தீங்களோ, நல்லாப் பிடிச்சிட்டுது என்று சந்தோஷப்பட்டார். ஓம் தம்பி என்றேன்.

வெள்ளையின் கால் இப்போது காய்ந்து வருகிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போட்டுவிடு, வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே. நீயும் உன் குடும்பமும் யாருக்கும் தலை குனியாமல் நூறாண்டு வாழ முருகன் துணை நிற்கட்டும். அம்மாவும் தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள், என்னோடு இன்னும் அவள் அதிகம் கதைப்பதில்லை. ஒன்றை மறந்துவிடாதே. பொன்னம்பலத்தின் மனைவியின் ஜேர்மனி நம்பரைத் தனித் துண்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீ ஒருக்கால் டெலிபோன் எடுத்து, அவர் சுகமாக இருக்கிறார், ஒரு பிரச்சினையும் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். அவர் கேட்டபடியே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இ. கதிர்காமநாதன்