ஆப்பில் பழகிய ஷட்டர்

ஜன. 20, செவ்வாய்

மலைமேல் சோளக்காடு ஊரில் பத்து மணி வரை பனி. ஸ்டுடியோவுக்கு ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதுவும் கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ மோடில். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு இதுதான்.

ஞாயிறு இரண்டு கல்யாணம். ஒன்றுக்கு ஓனர் போவார். கையாலே செட்டிங் வைக்கும் மேனுவல் மோடை நான் பழகினால் இன்னொன்று, திண்ணனூர்க் கல்யாணம், எனக்கு. இல்லாவிட்டால் ஓனர் மச்சான் வருவான். அவன் வந்தால் என் வேலையும் அவனுக்கே. பழகக் கேமராவைத் தரமாட்டாராம். "ஆப்புல பழகு கண்ணு. எங் கேமராவ ஒடச்சிராத."

போனில் கேமரா பழகும் ஆப் ஒன்றை இறக்கினேன். அதில் ஒரு பெண், பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறாள். ஐ.எஸ்.ஓ., ஷட்டர், அப்பர்ச்சர், மூன்றையும் நான் வைக்க வேண்டும். முதல் படம் கரி. இரண்டாவது சுண்ணாம்பு.

ஜன. 21, புதன்

தூறல். பஸ்ஸிலும் ஆப். கொண்டை ஊசி வளைவில் குமட்டல்.

பிடிபட்டுவிட்டது! இருட்டென்றால் ஷட்டரை மெதுவாக்கு, கூடுதல் நேரம் திறந்திருந்து வெளிச்சம் வாங்கும். ஐ.எஸ்.ஓ. ஏறினால் படம் புள்ளி புள்ளி, ஆப் தரும் நட்சத்திரம் குறைவு. ஷட்டர் எவ்வளவு மெதுவானாலும் ஆப்புக்காரி அசைய மாட்டாள். வரிசையாக ஐந்து நட்சத்திரம். ஓனரிடம் காட்டினேன்.

"போன்ல லாரி ஓட்டிட்டு ரோட்டுக்கு வாரேங்கறயா?"

ஓனர் ஓர் எருமை.

ஜன. 22, வியாழன்

மிளகு பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். சாவுப் போட்டோவுக்கு ஆள் வந்தது. ஓனருக்குச் சாவு வீடு ஆகாது. "நீ போ. பொணம் ஆடாது, ஒனக்குச் சரியா வரும்." கேமராவும் ஸ்டாண்டும் கைக்கு வந்தன. சந்தோஷப்பட்டேன். அதுதான் உண்மை.

வீட்டுக்குள் கும்மிருட்டு. உடலை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் மனைவி, நாற்பது வயது இருக்கும். "நாங்க ஒண்ணாப் போட்டோவே எடுத்ததில்லீங்க. நல்லா எடுத்துக் குடு சாமி."

ஐ.எஸ்.ஓ. குறைவு, ஷட்டர் அரை நொடி. ஆப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. கேமராத் திரையில் அவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீசை முடி எண்ணலாம். எல்லாப் படத்துக்கும் அதே செட்டிங்.

மாலை, கம்ப்யூட்டரில்: அவர் அருமை. பக்கத்தில், ஷட்டர் திறந்திருந்த அரை நொடியும் அழுது குலுங்கிய மனைவிக்கு முகமே இல்லை. வெறும் புகை. ஒன்றில்கூட இல்லை. அவரை மதியமே அடக்கம் செய்தாயிற்று. இனி எங்கே போய் எடுப்பது?

ஜன. 23, வெள்ளி

நல்ல வெயில். ஓனரிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் அந்தம்மா பிரிண்ட் வாங்க வந்துவிட்டார். ஓனர் கல்லாவில்.

கவரைப் பிரித்தார். "இவரு நல்லா இருக்காருங்க." அடுத்த படத்தையும் எடுத்துப் பார்த்தார். "ஏனுங்க, நானு எங்கீங்க?"

ஓனர் தலை தூக்கினார்.

"நீங்க ஆடிட்டீங்கக்கா. ஆடாம இருங்கன்னு சொன்னேனுங்களே?"

நான் சொல்லவே இல்லை.

"ஆமாங்க. அழுவாம இருந்திருக்கோணும். என் தப்புத்தானுங்க." முந்தானையால் படத்தைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஓனர் கம்ப்யூட்டரில் செட்டிங்கைத் திறந்து பார்த்தார். திட்டு விழும் என்று நின்றேன். சிரித்தார்.

"அர நொடி வெச்சுப்போட்டு, அவங்க ஆடிட்டாங்கன்னு சொன்ன பாரு! தொழில் வந்துருச்சு ஒனக்கு. ஞாயித்துக்கெழம நீயே போ கண்ணு."

சரிங்க என்றேன்.