சவரிமுத்து என்று கூப்பிட்டார்களாம்

பெப்ரவரி 24, செவ்வாய்

காலையிலிருந்து மந்தாரம். கராம்பைக் காயப்போடுவதா வேண்டாமா என்று முதலாளியும் நானும் பத்து மணி வரை கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்தோம். வேறு வேலை இல்லாதவர்கள் போல.

இன்று இத்தாலியில் ஜெனியை நெஞ்சு டாக்டரிடம் காட்டும் நாள். பிள்ளைக்கு வயது ஐந்து. அங்கே தாயிடம் போன நாலு மாதத்தில் மூன்று தடவை இழுப்பு. இந்த ஒரு நாளுக்கு இரண்டு மாதக் காத்திருப்பு. அவர்களுக்குக் காலை ஒன்பதரை, எனக்குப் பகல் இரண்டு.

2.00 – கை தராசில், கண் போனில்.
3.15 – ஒன்றும் இல்லை.
4.40 – ரீட்டா. அழுகிறாள்.

"பதினொரு மணி வரைக்கும் உக்காந்திருந்தோங்க. பின்னாடி வந்தவங்கெல்லாம் பாத்துட்டுப் போயிட்டாங்க. போய்க் கேட்டா, மூணு தடவ கூப்பிட்டோம், நீங்க வரலன்னு சொல்றாங்க."

என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன்.

"உங்க பேர."

பாஸ்போர்ட்டில் ஜெனியின் குடும்பப் பெயர் என்று இருப்பது என் பெயர். அங்கே அதை மட்டும்தான் கூப்பிடுவார்களாம். இவள் ஜெனிட்டா என்ற பெயருக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஏழு வருடமாக என்னை "இங்க பாருங்க" என்று கூப்பிடுகிறவள். ஊருக்கு நான் ராஜா. சவரிமுத்து என்பவன் கடதாசியில் மட்டும் இருக்கிறவன்.

"அப்ப உனக்குக் கேக்கவே இல்லியா?"

"கேட்டிச்சிங்க. நல்லாத்தான் கேட்டிச்சி. நீங்கதான் வந்துட்டீங்களோன்னு வாசலப் பாத்தேன்."

அடுத்த திகதி ஏப்ரல் கடைசியில். இங்கிருந்து கொண்டுபோன, இழுப்புக்கு வாயில் அடிக்கும் பம்பில் இன்னும் ஒரு பத்து நாளைக்கு இருக்கும்.

பெப்ரவரி 25, புதன்

மழை. ஆள் இல்லை.

ரீட்டா அங்கே சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவியின் மகள் நல்ல மனுஷி. முன்பு வைத்தியம் பார்த்த டாக்டரின் கடிதம் இருந்தால் சீக்கிரம் திகதி கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறாள். ஆக, நாளை மாத்தளை. எடுத்துப்போக:

கிளினிக் புத்தகத்தின் போட்டோ கொப்பி
வார்டில் இருந்த இரண்டு தடவைக்கும் கொடுத்த கார்டுகள்
மருந்து எழுதிய துண்டுகள் (கிடைப்பது எல்லாம்)
குடை

அலுமாரியைக் கிளறியதில் இழுப்பு வந்தால் ஜெனி மருந்துப் புகை பிடிக்கும் மாஸ்க் அகப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசம்தான். இருந்தாலும் இன்னொரு தடவை முகர்ந்தேன்.

என் விசா: இன்னும் பார்க்கிறார்களாம். முதலில் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்களோ.

பெப்ரவரி 26, வியாழன்

இரத்தோட்டையில் 6.20 பஸ். மாத்தளை வரை நின்றபடி.

ஜெனியை எப்போதும் காட்டும் டாக்டர். நம்பர் 31. எல்லோர் மடியிலும் ஒரு பிள்ளை. என் மடியில் பைல். பக்கத்தில் உக்குவளையிலிருந்து வந்த உம்மா ஒருவர், இருமும் மகனோடு.

"புள்ள எங்க?"

"இத்தாலில."

"அப்ப யாரக் காட்ட வந்தீங்க?"

பைலைக் காட்டினேன். சிரிக்கவில்லை அவர். மகனை என் பக்கம் சாய்த்து உட்கார வைத்தார். அவன் என் சட்டையில் தும்மினான். நான் துடைக்கவில்லை.

வாசலில் நிற்கும் பெண் கூப்பிட்டாள்: "ஜெனியோட அப்பா வாங்க." இங்கே எனக்கு அதுதான் பெயர்.

டாக்டர் ஒரு முழுப் பக்கம் இங்கிலீஷில் எழுதித் தந்தார். பிறகு சிங்களத்தில், பிள்ளை வளர்ந்திருப்பாளே என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்குத் தெரியாது. போனில் எல்லோரும் ஒரே உயரம்.

மார்ச் 1, ஞாயிறு

பூசை. தவக்காலப் பிரசங்கம், நீளம். மனம் அதில் இல்லை.

கடிதம் வேலை செய்துவிட்டது! ஐந்தாம் திகதி, அதே நேரத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

பின்னேரம் போனில் ஒத்திகை. நான் நர்ஸ்.

"சவரிமுத்து."

ஜெனி போனுக்குள் என்னையே பார்த்தாள். "அப்பா, ஒங்களத்தான் கூப்பிடுறாங்க."

"இல்லடா, அங்க அது நீதான்."

"அப்ப நீங்க?"

ரீட்டா குறுக்கே வந்து காப்பாற்றினாள். நீயும் ஒரு தடவை சொல்லு என்றேன் அவளிடம். "சீ, போங்க." வெட்கம். சிரித்தபடி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கூரை முகட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை, இருட்டு. சிரிப்பு மட்டும் கேட்டது. ரீட்டா சிரித்துக் கேட்டு எத்தனை நாள். நானும் போனை வைக்கவில்லை.

ஜெனிக்கு இரவில் இருமல் இருக்கிறதாம். பம்ப் முடியப் போகிறது.

மார்ச் 5, வியாழன்

நல்ல வெயில். கராம்பு முழுவதும் வெளியே. சாக்கில் குந்தியபடி காம்பு பொறுக்கல்.

2.00 – ஒன்றும் இல்லை.
2.10 – ஒன்றும் இல்லை. முதலாளி, "ராஜா, போன வச்சிட்டுப் பொறுக்கு."
2.25 – ரீட்டா வாய்ஸ் அனுப்பியிருந்தாள். காதோடு வைத்தேன்.

நிறைய ஆட்களின் சத்தம். ஒரு இருமல், நம்முடையது, ஆயிரத்தில் தெரியும். பிறகு ஒரு பொம்பிளைக் குரல், தெளிவாக: "சவரிமுத்து."

வெயிலில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அதற்குள் ஜெனி, இங்கே நர்சரியில் பெயர் கூப்பிட்டால் சொல்வது போலவே: "இருக்கேன், டீச்சர்."

கதிரை இழுபடுகிறது. சப்பாத்துச் சத்தம். கதவு.