கட்டுப்பாட்டுக் குழுவில் ஒருத்தி

மரக்காணம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சகாயசெல்வி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். மஸ்கட்டில் வெயில் எப்படி? சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதில்லையா, அதனால்தான் எழுதுகிறேன்.

அஞ்சல் வழியில் உளவியல் படிக்கிறேனே, அதற்கு ஓர் ஆய்வு செய்து தரச் சொன்னார்கள். நீங்கள் அனுப்பிய கால்வெடிப்புக் களிம்பையே எடுத்துக்கொண்டேன். களிம்பு பூசினால் உப்புத்தண்ணீர்ப் புண் ஆறும் என்பது என் கருதுகோள். எங்கள் உப்பளத்துப் பெண்களில் பாதிப் பேருக்குக் களிம்பு, அது சோதனைக் குழு. மீதிப் பேருக்கு ஒன்றும் கிடையாது, அது கட்டுப்பாட்டுக் குழு. இரண்டையும் ஒப்பிட்டால்தான் களிம்பின் வேலை தெரியும்.

மாதம் முடிந்து பார்த்தால் எல்லோருடைய காலும் பளபளவென்று இருக்கிறது! விசாரித்தால், சாப்பாட்டு வேளையில் ஆளுக்கு ஆள் பூசிவிட்டிருக்கிறார்கள். "கூடைய என் தலைக்குத் தூக்கிவுடுறவ கால் எரியிறத பாத்துக்கினு நான் மட்டும் எப்படிக்கா பூசிக்கிறது?" என்று களிம்பு கிடைத்த ஜான்சி என்னையே கேட்கிறாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வகுப்பெடுக்கும் அம்மாவும் சிரித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுது, அதற்கும் மதிப்பெண் உண்டு என்றார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன கிறிஸ்துமசுக்கும் அதற்கு முந்தியதற்கும், காசு சேராமல் வெறுங்கையோடு எப்படி வருவது என்று சொல்லி, பெட்டியை மட்டும் அனுப்பினீர்கள். பெட்டி வந்தால் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பது உங்கள் கருதுகோள். பொய்யில்லை. ஆனால் பெட்டி வருகிற அன்றுதான் புடவை பிடித்ததா, செருப்பு பொருந்தியதா என்று போனில் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். இரண்டும் சேர்ந்தே வந்தால் எது காரணம் என்று எப்படிச் சொல்வது? ஒன்றை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே இந்தக் கிறிஸ்துமசுக்குப் பெட்டி வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள். ஒரு சாக்லேட் கூட எடுத்து வராதீர்கள், ஆய்வு கெட்டுவிடும்.

பெட்டி வந்தும், ஒன்றுமே கிடைக்காத குழுவில்தான் இரண்டு கிறிஸ்துமஸ் இருந்துவிட்டேன் மாமா. களிம்பு மாதிரி உங்களைப் பக்கத்திலிருப்பவளிடம் வாங்கிக்கொள்ளவும் முடியாது.

மாதா உங்களைக் கைப்பிடித்து வீட்டு வாசல் வரை கூட்டி வரட்டும்.

வழிபார்த்திருக்கும்,
சகாயசெல்வி