ஒரு சாண் பிழை

நன்னிலம்,
9-2-2003

மதிப்பிற்குரிய மீரா உசேன் அவர்களுக்கு,

இராஜாங்கம் எழுதுவது. நானும் அகிலாண்டமும் சுகம். ஜெர்மனியில் இந்த ஆண்டு பனி கடுமை என்று கேள்வி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சம்பா அறுவடை முடிந்து உளுந்து முளைத்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்திருந்த தங்கள் துணைவியார் ரசியா பேகம் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். "அண்ணே, உங்க சிநேகிதர் படம் போட்டிருக்கு பாருங்க. குளவியப் பாத்து ராக்கெட்ட எறக்கப் போறாங்களாம்" என்று ஓர் ஆய்விதழை என் கையில் கொடுத்தார்கள். அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குளவிக்குத் தன் உயரம் தெரியாது. தரை தன் கண்ணில் ஓடும் வேகம் கூடாதபடி பறக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்குகிறது. ஒரு கேமராவை மட்டும் நம்பிச் சிறிய விண்கலத்தையும் அப்படி இறக்கலாம் என்கிறீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் அட்டவணை. நாற்பத்தோரு இறக்கங்கள். பதினேழாவது மட்டும் இல்லை, மேகமூட்டம் என்று அடிக்குறிப்பு. அன்று மேகம் இல்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததில் கேமராவின் பொத்தானை அழுத்தத் தவறினேன்.

கூடு கட்டச் சேறு எடுக்க வரும் குளவிகளை, நடவுக்கு உழுதுபோட்ட வயலில் இருபது நாள் படம் பிடித்து, அளவுகளை ஒரு நோட்டில் குறித்தேன். நம் கல்லூரி இயற்பியல் துறையிலிருந்து நீங்கள் வந்து வரப்பில் நின்று, "சார் குளவிக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கிறாரு" என்று மாணவர்களைச் சிரிக்க வைத்தீர்கள். நானும் சிரித்தேன். 1994இல் ஜெர்மனிக்குப் புறப்படும்போது, படித்துவிட்டு அனுப்புகிறேன் என்று அந்த நோட்டை வாங்கிப் போனீர்கள். பெட்டியோடு விமான நிலையத்தில் தொலைந்துவிட்டது என்று பிறகு எழுதினீர்கள். நோட்டு போனால் போகட்டும், நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களே என்று நான் பதில் போட்டேன். கட்டுரையைவிட, அந்தப் பதிலை நீங்கள் எப்படிப் படித்திருப்பீர்கள் என்பதைத்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன்.

நீங்களே புதிதாக அளந்திருக்கலாமோ என்றுகூட யோசித்தேன். "இப்பவும் தப்பு நம்ம மேலதான் இருக்கும்னு தேடுங்க" என்று அகிலாண்டம் கோபித்துக்கொண்டாள். தேடினேன். இருந்தது.

உயரங்களையெல்லாம் நான் வரப்பின் மேல்விளிம்பிலிருந்து அளந்தேன். சேறு அதற்கு ஒரு சாண் கீழே. வரப்புப் புல் மறைத்ததால் கடைசி ஒரு சாண் படத்திலும் விழவில்லை. நான் தரை என்று குறித்த இடத்தில் குளவி இன்னும் வேகமாகப் பறந்துகொண்டிருந்தது. நீங்கள் போன மறு ஆண்டு அதே வரப்பில் நடந்தபோதுதான் இது உறைத்தது. தொலைந்த நோட்டுக்கு எதற்குத் திருத்தம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பிழை அப்படியே உங்கள் அட்டவணையில் இருக்கிறது. கலம் அடுத்த ஆண்டு புறப்படுகிறதாம். இந்த அட்டவணையை நம்பினால், வேகம் அடங்குமுன்பே அது தரையில் மோதும்.

திருத்திய எண்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மும்முறை சரிபார்த்தேன், ஆனாலும் நீங்களும் ஒருமுறை பாருங்கள். பிழையை நீங்களே கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்ளலாம், நான் மறுக்க மாட்டேன். "கலம் அனுப்புறவங்களுக்கு நீங்களே எழுதுங்க" என்கிறாள் அகிலாண்டம். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பங்குனி முடியும் வரை பொறுப்பேன். அதற்குள் திருத்தம் வராவிட்டால், மூன்றாவது முறை எழுதித் தபாலில் சேர்ப்பேன். பலருடைய உழைப்பு அந்தக் கலத்தில் இருக்கிறது.

ரசியா பேகத்திடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். திருத்தம் அச்சானால் அடுத்த முறை வரும்போது அவர்களே சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

கலம் பத்திரமாக இறங்கட்டும்.

இப்படிக்கு,
சி. இராஜாங்கம்
விலங்கியல் விரிவுரையாளர் (ஓய்வு)